வாவிக்கரையில் மருத்துவக் கல்வி: மட்டக்களப்பில் அனுமதிக்கான போராட்டமும் மாணவர் வாழ்வும்

மட்டக்களப்பில் மருத்துவபீடம் 2005–06 காலப்பகுதியில் தொடங்கியது. கொழும்பில் முதலாவது அரச வைத்தியப் பாடசாலை திறக்கப்பட்ட 1870ஆம் ஆண்டிலிருந்து கணக்கிட்டால், அதற்கு ஏறத்தாழ 135 ஆண்டுகள் சென்றன. அதுவரை வாவிக்கரையில் பிறந்த ஒருவர் வைத்தியராக வேண்டுமானால் ஊரை விட்டுப் போவதைத் தவிர வேறு வழியில்லை. முதலில் கொழும்புக்குப் போனார்கள், பிறகு பேராதனைக்கு, அதன்பின் யாழ்ப்பாணத்துக்கு. போவதற்கு முன் அனுமதி கிடைக்க வேண்டும். அந்த அனுமதியைத் தனி மாணவரின் கெட்டித்தனம் மட்டும் தீர்மானிக்கவில்லை. ஊரில் விஞ்ஞான வகுப்பு இருந்ததா, பரீட்சை எந்த மொழியில் நடந்தது, அவ்வாண்டு அரசாங்கம் எந்த விதியைக் கடைப்பிடித்தது, வீதி திறந்திருந்ததா என்பவையும் சேர்ந்தே தீர்மானித்தன. ஆகவே மட்டக்களப்பில் மருத்துவக் கல்வியின் வரலாறு அப்பிரதேசத்தின் கல்வி வரலாறுமாகும்.

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலம் எழுவான்கரை. பாடசாலைகள், வைத்தியசாலைகள், சந்தைகள், நெருக்கமான தமிழ் முஸ்லிம் ஊர்கள் யாவும் பெரும்பாலும் அங்கேதான். வாவிக்கு மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிவது படுவான்கரை. இந்த இரு கரைகளுக்கும் இடையிலான வேறுபாடு மாவட்டத்தின் கல்வியிலும் சுகாதாரத்திலும் இன்றுவரை தெரிகிறது.

தொடக்ககால வைத்தியக் கல்வி

இலங்கையில் மேலைநாட்டு வைத்தியம் முறையாகக் கற்பிக்கப்பட்டது முதலில் யாழ்ப்பாணத்தில். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847இல் வந்து, அடுத்த ஆண்டு மானிப்பாயைத் தளமாகக் கொண்டு வைத்திய மாணவர்களைப் பயிற்றத் தொடங்கினார். 1860களில் பாடங்களைத் தமிழிலேயே நடத்தினார். உடற்கூறு, சத்திரசிகிச்சை, இரசாயனம் முதலிய துறைகளின் நூல்களை மாணவர்களின் துணையோடு தமிழாக்கினார். அறுபதுக்கு மேற்பட்டோர் அவரிடம் பயின்று வைத்தியராயினர். அவர் 1873இல் நாடு திரும்பிய பின் தமிழ்வழி வைத்தியக் கல்வி நெடுங்காலம் தொடரவில்லை.

கொழும்பு வைத்தியப் பாடசாலை 1870 ஜூன் 1ஆம் திகதி திறக்கப்பட்டது. அதன் முதல் அதிபர் ஜேம்ஸ் லூஸ். 1892இல் பெண்களும் அங்கே சேர்க்கப்பட்டனர். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானபோது அக்கல்லூரி அதன் மருத்துவபீடமாயிற்று. கல்வி மொழி ஆங்கிலம். எனவே கொழும்பு, யாழ்ப்பாணம், கண்டி, காலி போன்ற இடங்களின் ஆங்கிலப் பாடசாலைகளில் படித்தோரே பெரும்பாலும் நுழைந்தனர். மட்டக்களப்புக்குப் புகையிரதம் வந்ததே 1928இல்தான். அதற்கு முன் கொழும்புக்குப் போவது பல நாள் பயணம். பிள்ளையை அங்கே தங்கவைத்து ஐந்தாறு ஆண்டுகள் படிப்பிக்கும் வசதி நிலவுடைமைக் குடும்பங்கள் சிலவற்றுக்கும் அரச உத்தியோகத்தர் குடும்பங்களுக்கும் மட்டுமே இருந்தது.

ஊர் மக்களின் அன்றாட வைத்தியம் இக்காலம் முழுவதும் பரியாரிமாரிடமே இருந்தது. விஷகடி, முறிவு நெரிவு, குழந்தை வைத்தியம் என்று ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு துறையில் பேர்பெற்றிருந்தது. தகப்பனிடமிருந்து மகனுக்கோ மருமகனுக்கோ அந்த அறிவு போயிற்று. இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் இம்மரபோடு தொடர்புடைய சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது.

பாடசாலைகளும் விஞ்ஞான வகுப்பும்

வைத்தியராகும் பாதை பாடசாலையில் தொடங்குகிறது. மட்டக்களப்பில் அப்பாதையை முதலில் வெட்டியவர்கள் மிஷனரிமார். மெதடிஸ்த போதகர் வில்லியம் ஓல்ட் 1814இல் புளியந்தீவுக்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கினார். ஓராண்டுக்குள் அவர் நோயுற்று இறந்தபோதும் அவர் இட்ட வித்து மெதடிஸ்த மத்திய கல்லூரியாக வளர்ந்தது. பெண்களுக்கான வின்சன்ட் பாடசாலையும் கத்தோலிக்கரின் புனித மைக்கேல் கல்லூரியும் 19ஆம் நூற்றாண்டிலேயே தோன்றின. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் இராமகிருஷ்ண மிஷன் வழியாகப் பாடசாலைகளை நடத்தினார். 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். விஞ்ஞானம் பயின்று ஆசிரியராயிருந்த அவர், தமிழிலக்கியத்தோடு விஞ்ஞானக் கல்வியும் கிழக்கின் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்பதில் உறுதியாயிருந்தார்.

1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும் அக்காலத்து மத்திய கல்லூரித் திட்டமும் கிராமப் பிள்ளைகளுக்கு வழி திறந்தன. வந்தாறுமூலையிலும் காத்தான்குடியிலும் மத்திய கல்லூரிகள் எழுந்தன. ஆனால் விஞ்ஞானக் கல்விக்கு வகுப்பறை மட்டும் போதாது. ஆய்வுகூடம், இரசாயனப் பொருட்கள், பட்டதாரி ஆசிரியர்கள் ஆகிய மூன்றும் தேவை. இவை நகரப் பாடசாலைகள் சிலவற்றிலேயே ஒருங்கே இருந்தன. படுவான்கரையில் உயிரியல் பிரிவில் உயர்தரம் படிக்க விரும்பிய மாணவர் பெரும்பாலும் வாவியைக் கடந்து உறவினர் வீட்டிலோ விடுதியிலோ தங்கினார். மண்முனைத் துறையில் பாதை என்னும் மிதவையில் ஏறித்தான் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மக்கள் நெடுங்காலம் போய்வந்தனர். ஜப்பானிய உதவியுடன் கட்டப்பட்ட மண்முனைப் பாலம் 2014இல்தான் திறக்கப்பட்டது.

1960களில் உயர்தர விஞ்ஞானப் பாடங்களும் தமிழிலும் சிங்களத்திலும் கற்பிக்கப்பட்டன. இந்த மாற்றம் ஆங்கிலப் பாடசாலை வாய்க்காத மாணவருக்குப் பெரும் வாய்ப்பு. கலம், இழையம், நொதியம், இழைமணி என்று உயிரியலைத் தாய்மொழியில் விளங்கிப் படித்த முதலாவது தலைமுறை அப்போதுதான் உருவாயிற்று. அதே மாற்றமே பின்னாளில் அனுமதி பற்றிய சர்ச்சைக்கும் காரணமாயிற்று. இரு மொழிகளில் பரீட்சை எழுதியோரை ஒரே அளவுகோலால் எப்படி ஒப்பிடுவது என்பதே எழுந்த கேள்வி.

தரப்படுத்தலும் மாவட்டப் பங்கீடும்

1970ஆம் ஆண்டு அனுமதியில் தமிழ்மொழி மூலம் தோற்றியோருக்கும் சிங்களமொழி மூலம் தோற்றியோருக்கும் வெவ்வேறு குறைந்தபட்சப் புள்ளிகள் விதிக்கப்பட்டன. மருத்துவத்துக்கு 400 புள்ளிகளில் தமிழ் மாணவர் 250 பெறவேண்டியிருக்க, சிங்கள மாணவருக்கு 229 போதுமானதாயிருந்தது. ஒரே பரீட்சைக்குத் தோற்றியும் மொழியின் பேரில் பின்தள்ளப்பட்டது தமிழ் மாணவரிடையே ஆழ்ந்த மனக்கசப்பை உண்டாக்கியது. 1973இல் இரு மொழிகளின் புள்ளிகளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரும் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது. 1974இல் மாவட்டப் பங்கீடும் சேர்ந்தது. 1969இல் விஞ்ஞானம் சார்ந்த கற்கைநெறிகளுக்கு அனுமதி பெற்றோரில் 27.5 வீதமானோர் வடமாகாணத்தவர். 1974இல் அது 7 வீதமாகச் சுருங்கியது. கொழும்பை உள்ளடக்கிய மேல்மாகாணத்தின் பங்கும் 67.5 வீதத்திலிருந்து 27 வீதமாகக் குறைந்தது. தமிழ் இளைஞர்கள் அரசியலில் தீவிரமடைந்தமைக்கு இது முதன்மைக் காரணங்களில் ஒன்றாக வரலாற்றாசிரியர்களால் குறிக்கப்படுகிறது.

மட்டக்களப்பின் நிலை சிக்கலானது. மொழிவாரித் தரப்படுத்தல் மற்றைத் தமிழ் மாணவர்களைப் போலவே அதன் மாணவர்களையும் பாதித்தது. மாவட்டப் பங்கீடு அவர்களுக்கு வழி திறந்தது. அதுவரை விஞ்ஞான பீடங்களில் தமிழ் மாணவர் என்றால் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தவரும் கொழும்புத் தமிழருமே. மட்டக்களப்பு, மன்னார், வவுனியா போன்ற மாவட்டங்களிலிருந்து எண்ணத்தக்க தொகையினர் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் தெரிவானது பங்கீட்டின் பின்னர்தான். பின்தங்கிய மாவட்டங்களின் இடங்களை வேறு மாவட்டத்து மாணவர்கள் பதிவை மாற்றிப் பெறுகிறார்கள் என்ற முறைப்பாடும் அக்காலம் தொட்டு எழுந்தது. பரீட்சைக்கு முந்திய குறிப்பிட்ட ஆண்டுகள் அதே மாவட்டத்தில் படித்திருக்க வேண்டும் என்ற விதி அதனால் இறுக்கமாயிற்று. அம்பாறை 1961இல் தனி மாவட்டமாகப் பிரிந்திருந்ததால் கல்முனை, காரைதீவு முதலிய ஊர்களின் மாணவர்கள் அம்மாவட்டப் பங்கில் அடங்கினர்.

பங்கீட்டு விதிகள் பலமுறை மாறின. 1979இல் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் 30 வீதம், சனத்தொகைக்கேற்ப மாவட்டங்களுக்கு 55 வீதம், கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு 15 வீதம் என்று இடங்கள் வகுக்கப்பட்டன. இப்போது முறையே 40, 55, 5 வீதம். பின்தங்கியவையெனக் கொள்ளப்படும் 16 மாவட்டங்களில் மட்டக்களப்பு, அம்பாறை, திருகோணமலை ஆகிய கிழக்கின் மூன்றும் உள்ளன. 2001 முதல் மூலப்புள்ளிகளுக்குப் பதிலாக இசட் புள்ளி பயன்படுகிறது. ஒரு பாடத்தில் மாணவர் பெற்ற புள்ளி அப்பாடத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை இது அளவிடுகிறது. பாடங்களுக்கிடையிலான கடினத்தின் வேறுபாட்டை இது ஓரளவு சமன்செய்கிறது. மட்டக்களப்பு மாணவர் எதிர்பார்த்திருப்பது தம் மாவட்டத்துக்குரிய மருத்துவ வெட்டுப்புள்ளியை.

உயர்தரப் பரீட்சையின் ஆண்டுகள்

உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய மூன்று பாடங்களுக்கும் மருத்துவத்தை நாடும் மாணவர் தோற்றுகிறார். அதிகபட்சம் மூன்று தடவைகளே பரீட்சை எழுதலாம். நாடெங்கும் ஆண்டுதோறும் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் உயர்தரம் எழுத, அரச பல்கலைக்கழகங்களில் இடம் பெறுவோர் அண்மைக்காலத்தில் நாற்பதாயிரத்தையொட்டியே உள்ளனர். மருத்துவத்துக்கு ஏறத்தாழ 2000 இடங்கள். அதில் ஒரு மாவட்டத்தின் பங்கு பத்துக்கணக்கில் எண்ணத்தக்கது. வெட்டுப்புள்ளிக்குக் கீழே மிகச் சிறிய தசம வித்தியாசத்தில் நிற்பவர் மீண்டும் எழுதுவதா, கிடைத்த விவசாயபீடத்துக்கோ விஞ்ஞானபீடத்துக்கோ போவதா என்று முடிவெடுக்க வேண்டும்.

மீண்டும் எழுதத் துணிபவரின் ஆண்டு பாடசாலைக்கு வெளியே கழிகிறது. சீருடை இல்லை, வகுப்பாசிரியர் இல்லை. டியூஷன் வகுப்பும் கடந்தகால வினாத்தாள்களும் வீட்டு மேசையுமே உண்டு. பெயர்பெற்ற ஆசிரியர்களின் வகுப்புகள் மட்டக்களப்பு நகரிலும் கல்லடியிலும் கல்முனையிலும் இருந்தமையால் தூரத்துக் கிராமத்தவருக்கு வகுப்புக் கட்டணத்தோடு பஸ் செலவும் நேரமும் சேர்ந்தன. தகப்பனின் வயல் விளைச்சல், தாயின் நகை அடைவு, மூத்த சகோதரரின் மத்திய கிழக்குச் சம்பளம் ஆகியவை இவ்வாண்டுகளின் செலவைத் தாங்கின. பெண்பிள்ளைக்கு இன்னொரு முறை எழுத அனுமதிப்பதா, கல்யாணம் பேசுவதா என்ற கேள்வியும் பல குடும்பங்களில் எழுந்தது. அக்கேள்வியைத் தாண்டி வந்த தமிழ், முஸ்லிம் பெண்களால்தான் கிழக்கின் மகப்பேற்று விடுதிகளும் தாய்சேய் கிளினிக்குகளும் இன்று பெருமளவுக்கு இயங்குகின்றன.

உள்நாட்டுப் போர்க்காலத்தில் இந்தப் பாதை மேலும் நீண்டது. 1987–89 காலத் தென்னிலங்கைக் கிளர்ச்சியின்போது பல்கலைக்கழகங்கள் நெடுங்காலம் மூடிக்கிடந்தன. தெரிவானவர்களும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். கிழக்கில் 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபின் பாடசாலைகள் அகதி முகாம்களாயின. சுற்றிவளைப்புகள், காணாமற்போதல்கள், மின்சாரமில்லாத இரவுகள் ஆகியவற்றின் நடுவே மாணவர் பரீட்சைக்குப் படித்தனர். கொழும்புப் புகையிரதச் சேவை தடைப்பட்டது. பஸ்ஸில் போவோர் சோதனைச் சாவடி ஒவ்வொன்றிலும் இறங்கி அடையாள அட்டையைக் காட்டி நடந்தனர். பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் கையிலிருந்தும் ஊரைவிட்டுப் போவதே ஆபத்தாயிருந்த காலம் அது.

கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம்

1962இல் பேராதனையில் இரண்டாவது மருத்துவபீடம் திறந்தபோது கிழக்கு மாணவர்களுக்கு ஓரளவு கிட்டிய இடம் கிடைத்தது. யாழ்ப்பாண மருத்துவபீடம் 1978இல் தொடங்கியது. தொடக்கத்தில் வகுப்புகள் கைதடி ஆயுர்வேத வைத்தியசாலைக் கட்டடத்தில் நடந்தன. தமிழ் பேசும் நோயாளிகளிடையே தமிழ்ச் சூழலில் மருத்துவம் படிக்கும் வாய்ப்பு இலங்கையில் கிறீன் காலத்துக்குப் பின் அங்கேதான் மீண்டும் பிறந்தது. மட்டக்களப்பு மாணவர் பலர் அங்கே பயின்றனர். அப்பீடமும் போரின் நடுவே நின்றது. 1987 ஒக்டோபரில் இந்திய இராணுவம் யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள் புகுந்து நடத்திய படுகொலையில் வைத்தியர்களும் தாதியரும் நோயாளிகளும் பலியாயினர். 1989 செப்டம்பரில் உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம சுட்டுக்கொல்லப்பட்டார். 1995இல் குடாநாட்டின் பெரும் இடப்பெயர்வோடு பீடத்தின் மாணவரும் ஆசிரியரும் சிதறினர். அக்கால மாணவர்களுக்கு ஐந்தாண்டுப் படிப்பு எட்டு, ஒன்பது ஆண்டுகளுக்கு இழுபட்டது.

வந்தாறுமூலையிலிருந்து மருத்துவபீடம் வரை

1978 நவம்பர் 23ஆம் திகதி அடித்த சூறாவளி மட்டக்களப்பின் வீடுகளையும் பாடசாலைகளையும் தென்னந்தோப்புகளையும் வீழ்த்தியது. அந்த அழிவிலிருந்து மீண்டுகொண்டிருந்த மாவட்டத்துக்கு 1981 ஓகஸ்ட் 1ஆம் திகதி மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி கிடைத்தது. நகருக்கு வடக்கே ஏறத்தாழ 16 கிலோமீற்றரில் வந்தாறுமூலை மத்திய மகாவித்தியாலயத்தின் வளவில் அது தொடங்கியது. விஞ்ஞானம், விவசாயம் ஆகிய இரு பீடங்கள், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் இயங்கின. அதற்கு முயன்றவர்களில் கல்குடாத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரும் அமைச்சருமான கே. டபிள்யூ. தேவநாயகம் குறிப்பிடத்தக்கவர். 1986 ஒக்டோபர் 1 முதல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று.

நான்கு ஆண்டுகளுக்குள் அந்த வளவு அகதி முகாமாக மாறியது. 1990 செப்டம்பர் 5ஆம் திகதி இராணுவத்தினர் அங்கே தஞ்சமடைந்திருந்த 158 பேரைப் பிடித்துச் சென்றனர். அவர்கள் திரும்பி வரவில்லை. பாதுகாப்பின்மை காரணமாக முஸ்லிம் மாணவர்கள் வெளியேற நேர்ந்ததன் தொடர்ச்சியாக 1990களின் நடுப்பகுதியில் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் தோன்றியது. ஒரே வாவிக்கரையின் இரு சமூகத்து மாணவர்கள் இருவேறு வளாகங்களுக்குப் பிரிந்தனர். பின்னாளில் மருத்துவபீடம் அவர்களை மீண்டும் ஒரே வகுப்பில் அமர்த்தியதன் பெறுமதி இதனால் கூடுகிறது.

மருத்துவபீடக் கோரிக்கைக்கு 2002இன் போர்நிறுத்தம் இடமளித்தது. கிழக்கு மாகாணத்தில் நிபுணர் சிகிச்சை தேவைப்பட்ட நோயாளிகள் கண்டிக்கும் கொழும்புக்கும் அனுப்பப்பட்டு வந்தனர். வைத்தியர்களின் பற்றாக்குறை நீடித்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை நாவலடி, கல்லடி முதலிய கரையோரக் கிராமங்களை அழித்தபோது அப்பற்றாக்குறையின் கொடுமை வெளிப்படையாயிற்று. அதனையடுத்த காலத்தில் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடம் என்ற பெயரில் மருத்துவமும் தாதியியலும் கற்பிக்கும் பீடம் மட்டக்களப்பு நகரில் தொடங்கியது. பொது வைத்தியசாலை போதனா வைத்தியசாலையாக உயர்ந்தது. அனுராதபுரத்தில் ரஜரட்டை மருத்துவபீடமும் ஏறத்தாழ அதே காலத்தில் பிறந்தது.

பீடத்தின் முதல் ஆண்டுகள் போரின் இறுதிக் கட்டத்தோடு பொருந்தின. 2006 டிசம்பர் 15ஆம் திகதி கிழக்குப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பேராசிரியர் எஸ். இரவீந்திரநாத் கொழும்பில் ஒரு விஞ்ஞான மாநாட்டுக்குச் சென்றிருந்தபோது காணாமலாக்கப்பட்டார். 2007இன் தொடக்கத்தில் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் இலட்சத்துக்கு மேற்பட்டோர் இடம்பெயர்ந்து எழுவான்கரை முகாம்களில் தங்கினர். விரிவுரையாளர் பற்றாக்குறை, போதாத கட்டடங்கள், தாமதமான பரீட்சைகள் ஆகிய இடர்களை முதல் அணிகளின் மாணவர்கள் தாங்கினர். போர் முடிந்தபின் குவைத் அபிவிருத்தி நிதியத்தின் கடனுதவியுடன் பிள்ளையாரடியில் பீடத்துக்குப் புதிய கட்டடத்தொகுதி எழுந்தது.

மட்டக்களப்பில் பீடம் அமைந்ததால் மட்டக்களப்பு மாவட்டத்துக்கெனத் தனி இடங்கள் ஒதுக்கப்படவில்லை. அனுமதி நாடு தழுவியது. மாவட்டப் பங்கீட்டில் தெரிவானவர்கள் தம் விருப்ப வரிசைக்கும் இசட் புள்ளிக்கும் ஏற்ப வெவ்வேறு பீடங்களுக்குச் செல்கிறார்கள். மட்டக்களப்பில் தெரிவானவர் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ படிக்கலாம். குருநாகலிலோ மாத்தறையிலோ தெரிவானவர் மட்டக்களப்புக்கு வரலாம். நாட்டின் மொத்த இடங்கள் பெருகியதும், போதனா வைத்தியசாலையின் நிபுணர் சேவைகள் விரிந்ததும், பேராசிரியர்கள் ஊரில் குடியிருந்து சிகிச்சையளிப்பதும் பிரதேசத்துக்குக் கிடைத்த நேரடி நன்மைகள்.

மருத்துவ மாணவரின் ஐந்தாண்டுகள்

பெறுபேறு வந்து அனுமதிக் கடிதம் கிடைத்ததும் ஊரே கொண்டாடுகிறது. கோவிலில் அருச்சனை, பள்ளிவாசலில் துஆ, பாடசாலை வாசலில் படத்தோடு பதாகை என்று அந்த வெற்றி பொதுவில் பகிரப்படுகிறது. பல மாதங்கள், சிலவேளை ஓராண்டுக்கு மேலான காத்திருப்பின் பின்னரே விரிவுரைகள் தொடங்கும்.

முதலாவது தடை மொழி. தமிழிலோ சிங்களத்திலோ பதின்மூன்று ஆண்டுகள் படித்த மாணவர், முதல் நாளிலிருந்து ஆங்கிலத்தில் உடற்கூற்றியல் கேட்கிறார். கலத்தின் பகுதிகளைத் தமிழில் வரைந்து மாவட்டத்தில் முதலிடம் பெற்றவர் அதே படத்துக்கு ஆங்கிலத்தில் பெயரிடத் திணறுகிறார். தொடக்கத்து ஆங்கிலப் பயிற்சி உதவினாலும், உண்மையான உதவி மூத்த அணியினர் கைமாற்றும் குறிப்புகளிலும் நண்பர்கள் கூடிப் படிக்கும் குழுக்களிலுமே கிடைக்கிறது. முதலாம் ஆண்டில் தளர்ந்துபோவோரில் பலர் பாடம் விளங்காதவர்கள் அல்லர். வாக்கியம் அமைக்கத் தெரியாதவர்கள். ஒன்றரை, இரண்டு ஆண்டுகளில் அந்தத் தடை கரைகிறது.

படிப்பு மூன்று கட்டமாக அமைகிறது. முதற்கட்டத்தில் உடற்கூற்றியல், உடற்றொழிலியல், உயிர்இரசாயனவியல். இக்கட்டத்தில்தான் மாணவர் முதன்முறையாகச் சடலத்தின் முன் நிற்கிறார். சிறு குழுக்களாகப் பிரிந்து மாதக்கணக்கில் ஒரே உடலை அறுத்து, நரம்பையும் தசையையும் நாடியையும் பெயர்சொல்லி அறிகிறார்கள். அவ்வுடலைத் தானம் செய்தவர் பெயர் தெரியாவிடினும் முதல் ஆசான் அவரே என்பதை மருத்துவபீடங்கள் மாணவர்களுக்கு உணர்த்துகின்றன. இரண்டாம் கட்டத்தில் நோயியல், நுண்ணங்கியியல், ஒட்டுண்ணியியல், மருந்தியல், சட்ட மருத்துவம், சமுதாய மருத்துவம் ஆகியவை. அதனோடு காலையில் வார்ட்டுகளுக்குப் போவதும் தொடங்குகிறது. இறுதியாண்டில் பொது மருத்துவம், சத்திரசிகிச்சை, குழந்தை மருத்துவம், மகப்பேறும் பெண்ணோயியலும், உளமருத்துவம் ஆகிய பேராசிரியர் அலகுகளில் முழுநேரப் பயிற்சி. நோயாளியின் கட்டிலருகே வரலாறு கேட்டு, பரிசோதித்து, நிபுணரின் முன் எடுத்துச்சொல்வதே அங்கே பாடம்.

வார்ட்டில் மொழிநிலை தலைகீழாகிறது. விரிவுரையில் திணறிய தமிழ் மாணவருக்கு நோயாளியோடு பேசுவது எளிது. தென்னிலங்கையிலிருந்து வந்த சிங்கள மாணவர் படுவான்கரைக் கிழவி சொல்லும் நெஞ்சுக் குத்தையும் வயிற்று உளைச்சலையும் விளங்கிக்கொள்ளத் தமிழ் படிக்கிறார். தமிழ், முஸ்லிம் நண்பர்கள் மொழிபெயர்க்கிறார்கள். அவர்களுக்குச் சிங்களம் தேவைப்படும் இடத்தில் இவர் உதவுகிறார். போர்க்காலத்தில் ஒருவரையொருவர் சோதனைச் சாவடியில் மட்டுமே கண்ட சமூகங்களின் பிள்ளைகள் ஒரே நோயாளியின் கட்டிலைச் சுற்றி நிற்பது இப்பீடத்தின் பெரும் சாதனை.

விடுதியில் இடம் போதாததால் பலர் நகரில் அறை எடுத்துத் தங்குகிறார்கள். வருமானம் குறைந்த குடும்பத்தவருக்கு 1981இல் தொடங்கிய மகாபொல புலமைப்பரிசில் கைகொடுத்தாலும் அத்தொகை உணவுக்கே போதாது. இலவசக் கல்வியில் கட்டணம் இல்லை. புத்தகம், அறை வாடகை, வெள்ளை மேலங்கி, ஸ்டெதஸ்கோப் ஆகிய செலவுகள் குடும்பத்தையே சாரும். பகிடிவதை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தால் தண்டனைக்குரிய குற்றமானபோதும் இலங்கைப் பல்கலைக்கழகங்களிலிருந்து அது முற்றாக நீங்கவில்லை. உயர்தரத்தில் எப்போதும் முதலிடத்தில் நின்றவர்கள் ஒரே வகுப்பில் சேரும்போது யாரோ ஒருவர் கடைசியில் நிற்கத்தான் வேண்டும். முதன்முறையாகப் பரீட்சையில் தவறுவதன் வலி சில மாணவரைப் பெரிதும் உலுக்குகிறது. மூன்று தடவை உயர்தரம் எழுதி வந்தவர்களிடம் அந்த வலியைத் தாங்கும் பக்குவம் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கிறது. அனுமதிக்கான நெடும் காத்திருப்பு அவர்களுக்குத் தந்த ஒரே நன்மை அதுவெனலாம்.

வாவிக்கரை கற்பிக்கும் நோய்கள்

மாணவர் பயிலும் நோய்கள் அப்பிரதேசத்தின் நிலத்தோடும் தொழிலோடும் பிணைந்தவை. வேளாண்மைக் காலத்தில் கண்ணாடி விரியனும் எண்ணெய் விரியனும் கடித்தோர் வருகிறார்கள். பரியாரியிடம் போய்விட்டுத் தாமதமாக வருவோரும் உண்டு. மழைக்காலத்தில் டெங்கும் எலிக்காய்ச்சலும் பெருகுகின்றன. ஒருகாலத்தில் கிழக்கைத் துன்புறுத்திய மலேரியா இப்போது இல்லை. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. தொழுநோயின் நினைவு வாவியின் நடுவே மாந்தீவில் இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அத்தீவில் அமைந்த தொழுநோய் வைத்தியசாலைக்கு நோயாளிகள் ஊரிலிருந்து பிரிக்கப்பட்டுத் தோணியில் அனுப்பப்பட்டனர். மருந்தால் முற்றாகக் குணமாகும் அந்நோய்க்கு இன்று அப்படிப் பிரித்து வைக்கும் தேவையில்லை.

போரும் ஆழிப்பேரலையும் விட்டுச்சென்ற உளக்காயங்கள் காரணமாக மட்டக்களப்பில் உளநலச் சேவை வளர்ந்தது. ஊனமுற்றோர், உறவினரை இழந்தோர், காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் ஆகியோரின் துயரத்தை மாணவர் புத்தகத்துக்கு வெளியே கற்கிறார்கள். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பின் சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் குழந்தைகள் பலர் உட்பட 30க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். காயப்பட்டோர் கொண்டுவரப்பட்டது மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கே. அத்தகைய ஒரு நாளைத் தாங்கவல்ல வைத்தியசாலை கிழக்கில் இருந்தமைக்குப் போதனாத் தரமும் அதனோடு வந்த நிபுணர்களும் காரணம்.

பட்டத்தின் பின்

இறுதிப் பரீட்சையில் தேறியவர் நாடளாவிய திறமை வரிசைப்படி உள்ளகப் பயிற்சிக்கு நியமிக்கப்படுகிறார். அரச வைத்தியசாலையொன்றில் இரு துறைகளில் ஆறு ஆறு மாதமாக ஓராண்டு பணியாற்றிய பின்னரே இலங்கை மருத்துவ சபையில் முழுப் பதிவு கிடைக்கும். நியமனத்துக்காகக் காத்திருக்கும் மாதங்களையும் சேர்த்தால், உயர்தரத்துக்கு முதன்முறை தோற்றியதிலிருந்து சுயமாக மருந்தெழுதும் நாள்வரை பத்தாண்டுகள் ஆவதுண்டு. பின்னர் மருத்துவ உத்தியோகத்தராக வாழைச்சேனை, ஏறாவூர், காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி போன்ற ஆதார வைத்தியசாலைகளிலோ படுவான்கரையின் சிறிய வைத்தியசாலைகளிலோ சேவை தொடங்கலாம். சிலர் கொழும்பில் பட்டப்பின் படிப்புக்குச் செல்கின்றனர்.

2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் வெளிநாடு செல்லும் வைத்தியர்களின் தொகை நாடெங்கும் கூடியது. தூரப் பிரதேச வைத்தியசாலைகளே முதலில் வெறுமையாகின்றன. மட்டக்களப்பு ஒரு தலைமுறைக்காலம் அனுமதிக்காகப் போராடியது. இன்று அதன் முன்னுள்ள கேள்வி, உருவாகும் வைத்தியர்களை நிலைநிறுத்துவது. அதற்கான வழிகள் தெரிந்தவையே. படுவான்கரைப் பாடசாலைகளில் முழுமையான விஞ்ஞான வகுப்பு, சிறிய வைத்தியசாலைகளில் வதிவிடமும் கருவிகளும், பிள்ளைகளைப் படிப்பிக்க நல்ல பாடசாலைகள், கிழக்கிலேயே நிபுணத்துவப் பயிற்சி ஆகியவை வேண்டும். தம் ஊருக்கு அருகே, தம் நோயாளிகளிடையே பயின்ற வைத்தியர் அங்கே தங்குவதற்கான வாய்ப்பு கூடுதல் என்பது உலகெங்கும் கிராமிய மருத்துவக் கல்வியில் கண்டறியப்பட்டது. மட்டக்களப்பின் மருத்துவபீடம் அந்த வாய்ப்பைத் தந்திருக்கிறது. அதனைப் பயனாக்குவது அரசினதும் பல்கலைக்கழகத்தினதும் பிரதேச மக்களினதும் பொறுப்பு.